சுகுமார் சென்: இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர்

சுகுமார் சென் இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர். வங்காளத்தைச் சேர்ந்த ஐ.சி.எஸ். அதிகாரி. 1950 மார்ச் 21 முதல் 1958 டிசம்பர் 19 வரை இப்பொறுப்பில் இருந்தார். 1951–52, 1957 ஆகிய ஆண்டுகளில் நடந்த முதல் இரண்டு பொதுத் தேர்தல்களையும் நடத்தியவர் இவரே. இடையில் 1953-ல் சூடான் நாட்டின் முதல் நாடாளுமன்றத் தேர்தலை நடத்திய பன்னாட்டு ஆணையத்துக்கும் தலைவராக இருந்தார்.

பள்ளிப் பாடநூல்களில் இவருக்குக் கிடைக்கும் இடம் ஒரு வரிதான். நானும் பல ஆண்டுகள் இவரை ஒரு மதிப்பெண் வினாவாகவே வகுப்பில் நடத்தியிருக்கிறேன்: "முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் யார்?" விடையை எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன வேலை நடந்தது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இவர் தன்வரலாறு எதுவும் எழுதவில்லை. சொந்தக் கடிதங்கள், குறிப்புகள் என்று விட்டுச் சென்றவையும் மிகக் குறைவு. முதல் பொதுத் தேர்தல் பற்றி இவர் அளித்து 1955-ல் வெளியான அறிக்கைதான் இவருடைய மனம் எப்படி வேலை செய்தது என்பதைக் காட்டும் முக்கியமான ஆவணம்.

கல்வியும் தொடக்கப் பணியும்

சென் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பிறந்தவர். கல்கத்தா மாநிலக் கல்லூரியிலும் பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்திலும் படித்தார். லண்டனில் கணிதத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 1921-ல் இந்தியக் குடிமைப் பணியில் (ஐ.சி.எஸ்.) சேர்ந்து வங்காளத்தின் பல மாவட்டங்களில் பணியாற்றினார். மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார். அக்கால ஐ.சி.எஸ். அதிகாரிகளில் சிலர் நிர்வாகத்திலேயே தொடர்ந்தார்கள், சிலர் நீதித்துறைக்குப் போனார்கள். இரண்டையும் பார்த்தவர் சென். இவருடைய தம்பி அசோக் குமார் சென் புகழ்பெற்ற வழக்கறிஞர். 1957-ல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு மத்திய சட்ட அமைச்சரானார்.

நாடு விடுதலை பெற்றபின் மேற்கு வங்க அரசின் தலைமைச் செயலராகச் சென் பொறுப்பேற்றார். பிரிவினையால் மாகாணமே இரண்டாகியிருந்தது. எல்லை தாண்டி வந்த அகதிகள் நாள்தோறும் கல்கத்தாவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நிர்வாகத்தை நடத்திக்கொண்டிருந்தவரைத்தான் டெல்லி அழைத்தது.

1950-ல் இருந்த நிலை

அரசியலமைப்புச் சட்டத்தின் 324-ஆம் பிரிவு தேர்தல் ஆணையத்தைத் தனி அமைப்பாக ஆக்கியது. தலைமைத் தேர்தல் ஆணையரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டுமானால் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கான அதே கடினமான வழியில்தான் நீக்க முடியும். 326-ஆம் பிரிவு 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது (1989-ல்தான் வயது 18 ஆனது). ஆணையம் 1950 ஜனவரி 25 அன்று அமைக்கப்பட்டது. அப்போது ஆணையர் ஒருவர் மட்டுமே. இன்றிருப்பதுபோல் மூவர் இல்லை.

மாணவர்கள் இந்த 326-ஆம் பிரிவின் பளுவை எண்களில் பார்க்க வேண்டும். 1937-ல் மாகாணத் தேர்தல் நடந்தபோது சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றை வைத்துத்தான் வாக்குரிமை கிடைத்தது. வாக்காளர்கள் ஏறத்தாழ 3 கோடிப் பேர். 1951–52-ல் வாக்காளர்கள் 17 கோடியே 32 லட்சம். அதே 1951-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை.

தேர்தலை 1951-ன் தொடக்கத்திலேயே நடத்திவிட வேண்டும் என்பது பிரதமர் நேருவின் விருப்பம். மக்கள் தேர்ந்தெடுக்காத அரசு என்ற குறை நீடிக்கக் கூடாது என்று அவர் எண்ணியது நியாயம்தான். ஆனால் சென் பதவியேற்றபோது தேர்தலை எப்படி நடத்துவது என்பதற்கான சட்டமே இல்லை. வாக்காளர் பட்டியல், தொகுதிகள் பற்றிய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950 மே மாதத்திலும், தேர்தல் நடத்தும் முறை பற்றிய சட்டம் 1951 ஜூலையிலும்தான் வந்தன. தொகுதி எல்லைகள் முடிவாக வேண்டும், பெட்டிகள் செய்யப்பட வேண்டும், பட்டியல் அச்சாக வேண்டும். காத்திருக்கத்தான் வேண்டும் என்பது சென்னின் நிலை. நேருவும் அதை ஏற்றுக்கொண்டார். ஒரு தேர்வை நடத்தும் கண்காணிப்பாளர் வினாத்தாள் வந்து சேரும் முன் மணியடிக்க மாட்டார் அல்லவா?

வாக்காளர் பட்டியல்

இந்தப் பணியைச் சென் வெறுந்தரையிலிருந்து தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசியலமைப்பு அவையின் ஆலோசகராக இருந்த பி.என். ராவின் செயலகம், அரசியலமைப்புச் சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே, 1947-ன் இறுதியிலிருந்து, எல்லா வயதுவந்தோரையும் சேர்த்துப் பட்டியல் தயாரிக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தது. வீட்டு முகவரி இல்லாத அகதிகளை எந்த ஊரில் சேர்ப்பது என்ற சிக்கலையும் அவர்கள்தான் முதலில் எதிர்கொண்டார்கள். அந்த வரைவுப் பட்டியல்களைச் சரிபார்த்து, தொகுதி வாரியாகப் பிரித்து, தட்டச்சு செய்து, அச்சிட்டு முடிப்பது சென்னின் பங்காயிற்று. தட்டச்சுக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் மட்டும் 16,500 எழுத்தர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டார்கள். அச்சிட 3,80,000 ரீம் தாள் ஆயிற்று.

பட்டியலைப் பார்த்தபோதுதான் அந்தச் சிக்கல் வெளியே தெரிந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் லட்சக்கணக்கான பெண்கள் தம் பெயரில் பதிவாகவில்லை. "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்", "இன்னாரின் மகள்" என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. வெளி ஆளிடம் பெண் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அங்கே வழக்கம். கணக்கெடுக்கப் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வாசலில் நின்று கேட்பார்கள்; வீட்டு ஆண் பதில் சொல்வார்; அவரும் உள்ளே இருக்கும் பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டார்.

நம் பக்கத்தில் வழக்கம் வேறு விதம். இங்கே மனைவி கணவர் பெயரைச் சொல்லத் தயங்குவாள். நான் ஒருமுறை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போயிருந்த கிராமத்தில், ஒரு பாட்டியிடம் பட்டியலில் சரிபார்ப்பதற்காகக் கணவர் பெயரைக் கேட்டேன். "மலை மேல இருக்கிற சாமி பேருதான்" என்றார். முகவர்களாக உட்கார்ந்திருந்த மூன்று கட்சிக்காரர்களும் ஒரே குரலில் "பழனி, சார்" என்றார்கள். சிரிப்போடு அந்தச் சிக்கல் தீர்ந்தது. வடக்கே 1951-ல் அது சிரித்துத் தீர்க்கும் சிக்கலாக இல்லை, ஏனென்றால் மறைந்துகிடந்தது கணவன் பெயர் அன்று, வாக்காளரின் சொந்தப் பெயர்.

பெயர் இல்லாத ஒரு பதிவை வைத்து வாக்குச்சாவடியில் என்ன செய்வது? "ராம்பிரசாதின் மனைவி" என்றால் யார் வேண்டுமானாலும் வந்து நான்தான் என்று சொல்லலாம். உண்மையானவரே வந்தாலும் அதை மெய்ப்பிக்க வழியில்லை. எனவே உறவுமுறைக்குப் பதிலாகப் பெயரையே எழுத வேண்டும், பெயர் தராதவர்களின் பதிவை நீக்கிவிட வேண்டும் என்று சென் ஆணையிட்டார். பெயர் சேர்க்க வசதியாகக் கால நீட்டிப்பும் தந்தார். பீகாரில் ஒரு மாத நீட்டிப்பைப் பயன்படுத்திப் பலர் பெயர் கொடுத்தார்கள். ராஜஸ்தானில் நீட்டிப்பு தந்தும் பயன் மிகக் குறைவு. முடிவில், நாடு முழுவதும் இருந்த ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேர் பெயர் தராத காரணத்தால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

இருபத்தெட்டு லட்சம் என்பது சிறிய எண் அன்று. முதல் தேர்தலிலேயே இத்தனை பெண்கள் வெளியே நிறுத்தப்பட்டதற்குக் கண்டனம் எழுந்தது. சென் அதைத் தம் அறிக்கையில் மறைக்கவில்லை, எண்ணிக்கையோடு எழுதினார். எழுந்த எதிர்ப்பு நல்லதே என்றும், அதனால் அந்தப் பழக்கம் அடுத்த தேர்தலுக்குள் மறையும் என்றும் அவர் கருதினார்.

அவர் செய்தது சரியா? பல முறை யோசித்திருக்கிறேன். விதியை அவர் வகுத்ததில் தவறு இல்லை என்றே நினைக்கிறேன். "மனைவி" என்றே விட்டிருந்தால், அந்தப் பெண்ணின் வாக்கும் வீட்டு ஆணின் கணக்கில்தான் போயிருக்கும்; பட்டியலில் ஒரு பெண் தன் பெயரோடு நிற்பதுதான் அவள் தனி ஆள் என்பதற்கு அரசாங்கம் தரும் முதல் சான்று. ஆனால் தண்டனை விழுந்தது பெயர் சொல்ல மறுத்த வழக்கத்தின் மேல் அன்று, அந்தப் பெண்கள் மேல். பெயர் கேட்கப் பெண்களையே அனுப்பியிருந்தால், இன்னும் சில மாதங்கள் கிடைத்திருந்தால், அந்த எண் பாதியாகக் குறைந்திருக்கலாம். ஏற்கெனவே தள்ளிப்போன தேர்தலை இன்னும் தள்ளிவைக்க யாரும் ஆயத்தமாக இல்லை. 1957 தேர்தலுக்குள் இந்தச் சிக்கல் பெருமளவு குறைந்துவிட்டது என்பது அவர் எதிர்பார்ப்பு வீண்போகவில்லை என்பதைக் காட்டுகிறது. 1952-ல் வாக்களிக்க முடியாமல் போனவர்களுக்கு அது ஆறுதல் ஆகுமா என்பது வேறு கேள்வி.

பெட்டியும் சின்னமும்

எழுத்தறியாத வாக்காளர் ஒருவர் யாருடைய உதவியும் இல்லாமல், இரகசியமாக, தாம் விரும்பியவருக்கு வாக்களிக்க வேண்டும். இதற்குச் சென்னின் ஆணையம் கண்ட வழி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டப்பட்டிருக்கும். வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரோ சின்னமோ இருக்காது. ஏறக்குறைய ஒரு ரூபாய் நோட்டு அளவுள்ள சீட்டு. பணத்தாள் அச்சாவதுபோலவே நாசிக்கில் இருந்த அரசு பாதுகாப்பு அச்சகத்தில் அச்சானது. வாக்காளர் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போவார். வரிசையாக வைத்திருக்கும் பெட்டிகளில் தமக்கு வேண்டிய சின்னம் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வருவார். பேனா வேண்டாம், முத்திரை வேண்டாம். கண் தெரிந்தால் போதும்.

சின்னங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டியிருந்தது. அன்றாடம் பார்க்கும் பொருளாக இருக்க வேண்டும். மத உணர்வோடு தொடர்புள்ளது எதுவும் கூடாது. தேசியக் கொடியும் கூடாது. காங்கிரசுக்கு நுகத்தடியில் பூட்டிய இரட்டைக் காளை, சோசலிஸ்டுக் கட்சிக்கு மரம், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை, ஜனசங்கத்துக்கு விளக்கு, கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள். அந்தக் கதிர் அரிவாளை நம் ஊர்ச் சுவர்களில் இன்றும் பார்க்கலாம். அன்று கைச் சின்னமும் இருந்தது. ஆனால் அது காங்கிரசுடையது அன்று, பார்வர்டு பிளாக்கின் ஒரு பிரிவுக்குத் தரப்பட்டது.

முறை எளிது, ஆனால் அதற்குத் தேவைப்பட்ட பொருளின் அளவு மலைக்க வைப்பது. எத்தனை வேட்பாளர்களோ அத்தனை பெட்டிகள் ஒவ்வொரு சாவடியிலும் வேண்டும். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் என்பதால் இரண்டு வரிசைப் பெட்டிகள். வாக்குப்பதிவு இடங்கள் ஏறத்தாழ 1,96,000. அவற்றில் 27,500-க்கு மேற்பட்டவை பெண்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை. ஆக 20 லட்சத்துக்கு மேல் எஃகுப் பெட்டிகள் தேவைப்பட்டன. அவற்றுக்கு 8,200 டன் எஃகு செலவாயிற்று. பம்பாயின் விக்ரோலியில் இருந்த கோத்ரெஜ் தொழிற்சாலை மட்டும் 12 லட்சத்துக்கு மேல் செய்து தந்தது.

ஒருவரே மறுபடி வந்து வாக்களிப்பதைத் தடுக்க விரலில் அழியாத மை வைக்கும் வழக்கமும் இந்தத் தேர்தலில்தான் தொடங்கியது. செலவான மைக்குப்பிகள் 3,89,816 என்று கணக்கு இருக்கிறது. கடைசி இலக்கம் வரை எண்ணி எழுதிய அந்தக் கணக்கைப் பார்க்கும்போது லண்டனில் கணிதப் பதக்கம் வாங்கியவரின் நினைவு வரத்தான் செய்கிறது. (இன்று நாம் அறிந்த மைசூர் மை 1962 தேர்தலிலிருந்து வந்தது.)

இந்தப் பெட்டி முறையில் ஓட்டைகளும் இருந்தன. மறைப்புக்குள் வாக்காளர் தனியாக இருப்பதால், சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் வைத்து வெளியே கொண்டுவந்து விற்றுவிட முடியும். வாங்கியவர் பத்துச் சீட்டைச் சேர்த்துத் தம் ஆள் மூலம் ஒரே பெட்டியில் போடச் செய்யலாம். சிலர் சீட்டைத் துளைக்குள் தள்ளாமல் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டு வந்தார்கள். இன்னும் சிலர் பெட்டிக்குப் பூவும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டார்கள். எண்ணுவதற்காகத் திறந்தபோது சில பெட்டிகளில் சீட்டுகளோடு காசும், வேண்டுதல் எழுதிய துண்டுத் தாள்களும், வேட்பாளரைப் புகழ்ந்தும் திட்டியும் எழுதியவையும் கிடைத்தன.

இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் குழப்பம் கூடுதல். அன்று மக்களவையின் 489 இடங்களுக்குத் தொகுதிகள் 401. அவற்றில் 86 தொகுதிகளில் ஒரு பொது உறுப்பினரும் ஒரு தனி உறுப்பினரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வாக்காளருக்கு இரண்டு சீட்டுகள். இரண்டையும் வெவ்வேறு பெட்டியில்தான் போட வேண்டும். ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று செல்லாது. இப்படி வீணான வாக்குகள் பல. அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவரான அம்பேத்கர் தோற்ற பம்பாய் வடக்கும் இரட்டை உறுப்பினர் தொகுதிதான்; அங்கே செல்லாதவையாக ஒதுக்கப்பட்ட வாக்குகளைப் பற்றி வழக்கே நடந்தது. இந்த வகைத் தொகுதிகள் 1961-ல் ஒழிக்கப்பட்டன.

வாக்குப்பதிவு

முதல் வாக்கு 1951 அக்டோபர் 25 அன்று இமாசலப் பிரதேசத்தின் சினி பகுதியில் விழுந்தது. பனி கொட்டத் தொடங்கினால் மலைப்பாதை அடைபட்டுவிடும் என்பதால் அங்கே மட்டும் முன்கூட்டியே நடத்தினார்கள். அன்று முதலில் வாக்களித்தவராக அறியப்படும் சியாம் சரண் நேகி ஒரு பள்ளி ஆசிரியர். வேறோர் ஊரில் தேர்தல் பணிக்குப் போக வேண்டியிருந்ததால், தம் ஊர்ச் சாவடியில் காலையிலேயே வாக்களித்துவிட்டுக் கிளம்பினார். அதன்பின் ஒரு தேர்தலையும் விடாமல் வாக்களித்து, 2022 நவம்பரில், இமாசல சட்டமன்றத் தேர்தலுக்குத் தபால் வாக்கும் அளித்த சில நாட்களில், நூறு வயதைக் கடந்து காலமானார். தேர்தல் பணி என்றால் முணுமுணுக்கும் ஆசிரியர்களுக்கு (நானும் முணுமுணுத்தவன்தான்) நம்மில் ஒருவர்தான் வரிசையின் தலையில் நிற்கிறார் என்பது கொஞ்சம் பெருமை.

மற்ற பகுதிகளில் 1952 பிப்ரவரி 21 வரை வாக்குப்பதிவு நடந்தது. பெட்டிகளைக் கொண்டுசெல்ல மலைக் கிராமங்களில் ஆற்றின் குறுக்கே தற்காலிகப் பாலங்கள் கட்டப்பட்டன. தீவுகளுக்குக் கடற்படைக் கப்பல்கள் போயின. வாக்களிப்பது எப்படி என்று விளக்கும் படம் 3,000-க்கு மேற்பட்ட திரையரங்குகளில் காட்டப்பட்டது, வானொலியிலும் சொன்னார்கள். வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 45 விழுக்காடு. படிப்பில்லாதவர்களுக்கு வாக்குரிமை தருவது வீண் என்று சொன்னவர்கள் இந்த எண்ணைக் குறைவு என்றார்கள். பாதிக்கு மேல் வரவில்லை என்பது உண்மைதான். முன்பின் வாக்குச்சாவடியே பார்த்திராத மக்களில் ஏழெட்டுக் கோடிப் பேர் நடந்து வந்தார்கள் என்பதும் உண்மைதான்.

சென்னை மாநிலத்தில்

தேர்தல் நேர்மையாக நடந்ததா என்பதற்கு ஆளுங்கட்சிக்கு வந்த அடியே நல்ல அளவுகோல். நம் மாநிலம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அன்றைய சென்னை மாநிலத்தில் ஆந்திரப் பகுதியும் மலபாரும் சேர்ந்திருந்தன. 1952 ஜனவரியில் நடந்த வாக்குப்பதிவில் 375 சட்டமன்ற இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்றார்கள். முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவே தோற்றார். பெரும்பான்மை இல்லாத நிலையில் இராஜாஜியை அழைத்து ஆட்சி அமைத்த கதை தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் தனி இயல். பம்பாயில் மொரார்ஜி தேசாயும் ராஜஸ்தானில் ஜெய் நாராயண் வியாசும் தோற்றார்கள். மக்களவையில் மட்டும் காங்கிரஸ் 364 இடங்களைப் பிடித்தது. அதற்கு விழுந்த வாக்குகள் நூற்றுக்கு 45 தான்.

சூடான்

ஆங்கிலேயரும் எகிப்தியரும் சேர்ந்து ஆண்டுகொண்டிருந்த சூடானில் தன்னாட்சிக்கான தேர்தலை நடத்த, 1953 பிப்ரவரியில் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி ஏழு பேர் கொண்ட ஆணையம் அமைந்தது. சூடானியர் மூவர், எகிப்தியர், ஆங்கிலேயர், அமெரிக்கர் ஒவ்வொருவர். தலைவர் பதவிக்கு இந்தியரான சென்னை அழைத்தார்கள். பரந்த பாலைவனமும் தெற்கே சதுப்பு நிலமும் உள்ள நாடு, பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். அந்த ஆண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் தேர்தல் நடந்தது. தேசிய ஒன்றியக் கட்சி வென்று, இஸ்மாயில் அல்-அஸ்ஹரி பிரதமரானார். விடுதலை 1956 ஜனவரி 1 அன்று வந்தது. தன் சொந்தத் தேர்தலை நடத்தி இரண்டு ஆண்டுகூட ஆகாத நாட்டிலிருந்து இன்னொரு நாடு தேர்தல் அதிகாரியைக் கேட்டு வாங்கியது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1954-ல் பத்மபூஷண் விருது தொடங்கப்பட்ட ஆண்டிலேயே சென்னுக்கு அது வழங்கப்பட்டது.

இரண்டாம் பொதுத் தேர்தல்

1957 தேர்தலைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பரபரப்பில்லாமல் நடந்தது என்பதே காரணம். வாக்காளர்கள் 19 கோடியே 36 லட்சமாகக் கூடியிருந்தார்கள். முதல் தேர்தலுக்கு அரசு செலவிட்டது ஏறத்தாழ 10 கோடியே 45 லட்சம் ரூபாய். இரண்டாவதற்கு 5 கோடியே 90 லட்சம் ரூபாய். வாக்காளர் கூடி, செலவு குறைந்தது எப்படி? முதல் தேர்தல் முடிந்ததும் பெட்டிகளைத் துடைத்து, எண்ணி, மாவட்டக் கிடங்குகளில் பூட்டிவைத்திருந்தார்கள். புதிதாகச் செய்ய வேண்டியவை சிலவே. அரசாங்கக் கிடங்கில் வைத்த பொருள் ஐந்தாண்டு கழித்து அதே நிலையில் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தேர்தலில் கேரளத்தில் கம்யூனிஸ்டுக் கட்சி தனிப்பெருங்கட்சியாக வென்று, இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் ஆட்சி அமைத்தது.

பதவிக்குப் பின்

சென் 1958 டிசம்பரில் ஓய்வு பெற்றதும், தமிழரும் ஐ.சி.எஸ். அதிகாரியுமான கே.வி.கே. சுந்தரம் தலைமைத் தேர்தல் ஆணையரானார். அவர் காலத்தில்தான் வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்ற முறை கைவிடப்பட்டது. எல்லா வேட்பாளரின் பெயரும் சின்னமும் அச்சிட்ட ஒரே சீட்டில் முத்திரை குத்தி, மடித்து, ஒரே பெட்டியில் போடும் முறை 1960-களின் தொடக்கத்தில் வந்தது. சீட்டை விற்கும் வழி அதோடு பெரும்பாலும் அடைபட்டது. சென் வகுத்த சின்னம் மட்டும் பெட்டியிலிருந்து சீட்டுக்கும், பின்னர் மின்னணு எந்திரத்துக்கும் இடம் மாறியது. நான் முதலில் பணி செய்தபோது வாக்குச்சீட்டு. ஓய்வு பெறும்போது எந்திரம். இரண்டிலும் படிக்கத் தெரியாத வாக்காளர் விரல் தேடிப் போனது சின்னத்தைத்தான்.

ஓய்வுக்குப் பின் சென் வங்காளத்துக்குத் திரும்பினார். 1960 ஜூன் மாதம் பர்த்வான் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். பர்த்வான் அரசர் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த கட்டடங்களில் அந்தப் பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் சென் காலமானார்.